அலாரத்தின் பொறுமை

ஒரு மனிதனின் இருபது வருட நாணயத்துக்கு ராஜமாணிக்கம் போட்ட விலை நானூறு கிலோ வஞ்சிரம், அந்த ஊர்ப் பேச்சில் சுர்மை மீன். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். போர்ட் பிளேர் பஜாரில் நாலு வார்த்தை இழுபறி இல்லாமல் ஒரு தேங்காய்கூடக் கைமாறாது. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருவர் பேரமே பேசாமல் விலை சொல்கிறார் என்றால், ஒன்று அவர் சரக்கைப் பார்க்காதவர், அல்லது சரக்கின் அருமை தெரியாதவர். நாகராஜ் இப்படித்தான் நினைத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ராஜமாணிக்கம் அவருடைய வாடிக்கையாளர். வாடிக்கையாளரின் முட்டாள்தனத்தை அவரிடமே சொல்கிறவன் கடை வைத்துப் பிழைக்க முடியாது.

மரைன் ஹில்லில், துறைமுகம் பார்த்த விஜயலட்சுமியின் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். விஜயலட்சுமி அரசாங்கக் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது ஊரில் யாருடைய பில் மெஷின் முரண்டு பிடித்தாலும், யாருடைய கணக்கு கம்ப்யூட்டருக்குள் காணாமல் போனாலும் அவர்கள் இந்த மேட்டில்தான் மூச்சிரைக்க ஏறி வருவார்கள். அபர்டீன் பஜாரில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கும் நாகராஜுக்கு அந்த வழக்குகளில் ஒரு பைசா லாபம் கிடையாது. ஆனாலும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவதில்லையா, அதுபோல.

"மேடம், திருடன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் ராஜமாணிக்கம். "அதை நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். எப்படிச் செஞ்சான்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. சாயங்காலம் போலீஸ் டாணாவுக்குப் போகணும்."

"முதல்ல என்ன நடந்துதுன்னு சொல்லுங்க" என்றார் விஜயலட்சுமி.

ராஜமாணிக்கத்துக்குக் குட்வில் எஸ்டேட்டில் ஒரு குளிர்கிடங்கு. அதில் இரண்டு அறைகள், ஒன்று மீனுக்கு, மற்றது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் காய்கறிக்கு. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. எந்த அறையிலாவது குளிர் குறைந்தால் அது பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் சரியாகாவிட்டால் கூரைமேல் இருக்கும் சைரன் அலறும். கிடங்கின் பின்னாலேயே குடியிருக்கும் ஆபரேட்டர் பழனியாண்டி ஓடிவருவார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சு. கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு. காய்கறி ரூம் கம்ப்ரெஸர் தானா ஓட ஆரம்பிச்சுது. மீன் ரூம் கம்ப்ரெஸர் ட்ரிப் ஆகி அப்படியே நின்னுபோச்சு. சைரன் கத்தியிருக்கணும். கத்தல. திங்கக்கிழமை காலையில கதவைத் திறக்கறேன், அரே பாப்ரே! நானூறு கிலோ சுர்மையும் அழுகி, நாத்தம் ரோடு வரைக்கும் அடிக்குது. தூக்கம் கெடக் கூடாதுன்னு பய அலாரத்தை அணைச்சு வெச்சிருக்கான். அங்கயே, எஸ்டேட்டே கேக்கற மாதிரி கேட்டுட்டேன்: 'திருட்டுப் பயலே'ன்னு. குவார்ட்டர்ஸை இன்னிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"கம்ப்யூட்டர்ல பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்பேனா? முதல் வேலையா அதை பந்த் பண்ணி மறுபடி சாலு பண்ணினேன், அணைச்சுட்டுத் திரும்பப் போட்டேன். நம்ம ஊர்ல எதுக்கும் முதல் வைத்தியம் அதானே. அப்புறம் மீன் ரூம் கதவைத் திறந்து போட்டுட்டு நின்னேன். சொல்லி வெச்ச மாதிரி பத்தாவது நிமிஷம் கத்துச்சு. அப்ப மெஷின்ல கோளாறு இல்ல, மனுசன்லதான் கோளாறு. அதுக்கப்புறம் யாரையும் கம்ப்யூட்டரைத் தொட விடல. சாட்சியாச்சே."

"பத்து நிமிஷம்னு எழுதியிருக்கிற இடத்தை யாராவது மாத்தியிருந்தா?"

"அங்கதான் மேடம் விஷயமே. செட்டிங்ஸ் பக்கத்துல பத்துன்னுதான் இருக்கு. ரெண்டு வருசமா யாரும் தொடலன்னு தேதியும் காட்டுது. பாஸ்வேர்ட் என்கிட்ட ஒண்ணு, ப்ரோக்ராம் எழுதின பொண்ணு ஷோபனாகிட்ட ஒண்ணு. பழனியாண்டிக்குத் தெரியாது."

"தெரியாதவர் எப்படி அணைச்சார்?"

"அதைத்தானே உங்களைக் கேக்கறேன்!" என்றார் ராஜமாணிக்கம், வெற்றி பெற்றவர் போல. "உங்க ஃபீஸ் என்னன்னு சொல்லிடுங்க."

நாகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் என்றால் அவருக்கு உடம்பே சிலிர்க்கும்.

"பழனியாண்டி செஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார் விஜயலட்சுமி. "செய்யலைன்னா, நீங்க அவர் வீட்டு வாசலுக்குப் போய் 'நீ செய்யலை'ன்னு உங்க வாயால சொல்லணும். அவ்வளவுதான் ஃபீஸ்."

"பஸ், அவ்வளவுதானா? சொன்னாப் போச்சு!" ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

விலைச்சீட்டு ஒட்டாத சாமானைத்தான் வியாபாரி கவனிக்காமல் வாங்கி மாட்டிக்கொள்வான். நாகராஜ் அந்த அம்மாளை மனதுக்குள் கும்பிட்டார்.

*

கிடங்கு வாசலில் நாகராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறினவர் ஒரு நிமிஷத்தில் கூவினார்.

"மேடம்! கண்டுபிடிச்சாச்சு! சைரன் வாயில மண்ணு! குளவி கூடு கட்டியிருக்கு!"

"அதே குளவிக்கூட்டோடதானே திங்கக்கிழமை கத்துச்சு?"

"ஆமால்ல" என்றபடி நாகராஜ் இறங்கி வந்தார். ஏறும்போது இருந்த வேகம் இறங்கும்போது இல்லை.

கிடங்கின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறை வீடு. வாசலில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். பழனியாண்டியின் மனைவி கருப்பாயி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

பழனியாண்டிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு கட்சாலில் ஒன்றும் மிச்சமில்லாமல் போர்ட் பிளேருக்கு வந்தவரை ராஜமாணிக்கம்தான் வேலைக்கு எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் இங்கனதாம்மா இருந்தேன்" என்றார் பழனியாண்டி. "கரண்ட் போனதும் வெளிய வந்து நின்னேன். வந்ததும் கம்ப்ரெஸர் சத்தம் கேட்டுச்சு. ரெண்டுல ஒன்னுதான் ஓடுதுன்னு வெளிய நின்னுக்கிட்டு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தானே சைரன். அது சத்தம் போடலைன்னா எல்லாம் டீக், சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"எப்பக் கெட்டுப்போச்சுன்னு நான் கேக்கலை" என்றார் விஜயலட்சுமி. "எது வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. திங்கக்கிழமை சோதனையை விட்டுடுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சைரன் கடைசியா எப்பக் கத்துச்சு?"

பழனியாண்டி யோசித்தார். "நான் தினம் காய்கறி ரூமைக் கூட்டறப்பக் கதவைத் திறந்து வெப்பேன். கொஞ்சம் நேரமாயிட்டா சைரன் போட்டுடும். பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணன், தாதான்னுதான் கூப்புடுவோம், ஜன்னலத் தொறந்து திட்டும். நான் கதவச் சாத்திட்டு, மறுபடி தொறந்து கூட்டுவேன். ஆனா இந்தத் தடவ கப்பல் வந்து மால் எறக்கினதுலேருந்து..." அவர் நிறுத்தினார். "அதுலேருந்து ஒருவாட்டிகூடக் கத்தலம்மா. எவ்வளவு நேரம் கூட்டினாலும் கத்தல. சனியன் இப்பத்தான் மனுசன் கஷ்டம் புரிஞ்சிக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அதுக்கு முந்தின கப்பலுக்கும் இப்படி ஆச்சா?"

"மால் எறங்கின அன்னிக்கு சும்மா இருந்துச்சு. மறுநாளு, இல்லாட்டி அதுக்கு மறுநாளு, கத்திடுச்சு."

விஜயலட்சுமி தலையாட்டினார். நாகராஜ் அவர் காதருகே குனிந்து, "மேடம், கப்பல் ஆளுங்க யாரோ..." என்று ஆரம்பித்தார்.

"நாகராஜ், இங்க இன்வெர்ட்டர் போட்டது நீங்கதானே?"

"நானேதான்!" குளவிக்கூட்டில் போன மானம் திரும்பி வந்தது. "இந்தக் கப்பலுக்குச் சரியா முன்னாடி போட்டேன். கம்ப்ரெஸரைத் தாங்காது, அது யானைத் தீனி. ஆனா கம்ப்யூட்டரும் சைரனும் உலகமே இருண்டாலும் ஓடும். கண் சிமிட்டற நேரம்கூட அணையாதுன்னு எழுதியே கொடுத்திருக்கேன். நம்ம ராஜமாணிக்கம் அண்ணாச்சி என்கிட்ட விலை பேசின பேச்சுக்கு அதுல எனக்குப் பேட்டரி தண்ணி காசுகூட நிக்கல."

"ஆக, அதுவரைக்கும் கரண்ட் போனா கம்ப்யூட்டரும் அணையும்."

"எப்படியும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அணையும். நம்ம ஊர் பிஜ்லி பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

விஜயலட்சுமியின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. கைதேர்ந்த வியாபாரி தராசு முள் நிற்கும் முன்பே எடை சொல்லுவாரே, அந்த முகம். நாகராஜ் அதைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு பின்னால் போவார். போனார்.

அலுவலக அறையில் ராஜமாணிக்கமும் அவர் மகன் அஸ்வினும் இருந்தார்கள். கப்பல் சரக்கை வரவு வைப்பது அஸ்வினின் வேலை. பழனியாண்டி மேல் அவனுக்கு ஒரு கசப்பு உண்டென்று நாகராஜ் கேள்விப்பட்டிருந்தார். அவன் சிகரெட் பிடித்ததை முன்பொருதரம் அப்பாவிடம் சொன்னவர் பழனியாண்டி. எனவே நாகராஜ் அவனை முறைத்தார். அவனும் திருப்பி முறைத்தான்.

"சரக்கு இறங்கறப்பக் கதவு நாள் பூராத் திறந்திருக்குமே, சைரன் கத்தாதா?" என்று கேட்டார் விஜயலட்சுமி.

"முன்னாடி கத்தும் ஆன்ட்டி, காது போயிடும். அதனாலதான் ஷோபனாகிட்டச் சொல்லி 'சரக்கு இறக்கம்'னு புது ஸ்க்ரீன் கேட்டோம். அதைத் திறந்து மூட்டை எண்ணிக்கையைப் போட்டுட்டா, இறக்கி முடியற வரைக்கும் சைரன் சும்மா இருக்கும்."

"முடிஞ்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசியில 'முடிந்தது'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கணும்."

"அமுக்கினியா?"

அஸ்வின் அப்பாவைப் பார்த்தான். ராஜமாணிக்கம் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அவர். "இது மீன் ரூம் விவகாரம். கப்பல்ல வந்தது வெங்காயம்."

"ஷோபனாவைக் கூப்பிடுங்க" என்றார் விஜயலட்சுமி. "பழனியாண்டியும் அவர் சம்சாரமும்கூட வரட்டும்."

*

ஷோபனா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். முப்பதை எட்டாத பெண். மெயின்லேண்டில் படித்துவிட்டு, எல்லோரும் பெங்களூருக்கு ஓடும்போது இவள் மட்டும் ஊர் திரும்பி, இங்குள்ள கடைகளுக்கு ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவள். முகம் வெளுத்திருந்தது. பாஸ்வேர்ட் வைத்திருக்கும் இரண்டு பேரில் முதலாளி அல்லாதவள் தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

விஜயலட்சுமி அவள் எழுதியதைத் திரையில் மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"இது அழகா இருக்கும்மா" என்றார். "எவ்வளவு குளிர், எத்தனை நிமிஷம், யாருக்கு போன் போகணும், எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிருக்கே. உனக்கு முன்னாடி எழுதினவர் பத்துங்கிற எண்ணை இருபது இடத்துல இறைச்சு வெச்சிருப்பார், இல்லையா?"

"ஆமா மேடம். ஒண்ணை மாத்தினா பத்தொன்பது பழசாவே இருக்கும். அதான் எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டேன். ரெண்டு ரூமும் அந்தப் பெட்டியிலதான் எடுத்துக்கும்."

"எடுத்துக்கும். சரி. வைக்கவும் முடியுமா?"

ஷோபனா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஏதோ உறைத்தது. திரையை நெருங்கிக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப ஒரு சோதனை" என்றார் விஜயலட்சுமி. "அஸ்வின், கப்பல் வந்த அன்னிக்குச் செஞ்சதையே செய். இறக்கம் ஸ்க்ரீனைத் திற. காய்கறி ரூமுக்கு ரெண்டு மூட்டைன்னு போடு. முடிந்தது அமுக்காம வெளிய வா. பழனியாண்டி, மீன் ரூம் கதவைத் திறந்து வைங்க. உள்ள ஒண்ணும் இல்லையே?"

"கழுவி விட்டாச்சும்மா."

கதவு திறந்தது. வெள்ளைப் புகை தரையில் உருண்டு வந்து வாசலில் கரைந்தது. எல்லோரும் நின்றார்கள். பத்து நிமிஷம் என்பது பேசிக்கொண்டிருந்தால் ஒரு டீ. பேசாமல் நின்றால் ஒரு கப்பல் பயணம். சுவரில் இருந்த வெப்பமானியின் எண் ஏறிக்கொண்டே போனது. பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. கூரைமேல் குளவி மட்டும் ரீங்கரித்தது.

ராஜமாணிக்கத்தின் நெற்றியில் வேர்வை. "ஏன் கத்தல?"

"செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்க."

அவரே திறந்தார். பத்து நிமிஷம். தேதி, ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. பூட்டு உடையவில்லை, சாவி தொலையவில்லை, ஆனால் சைரன் அந்தப் பத்தை மதிக்கவில்லை. நாகராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நாகராஜ், உங்க இன்வெர்ட்டரை அணைங்க."

"மேடம், அணையாதுன்னு எழுதிக் கொடுத்த கையால..."

"அணைங்க."

அணைத்தார். கம்ப்யூட்டர் இருண்டது. மறுபடி போட்டார். அது கண் விழித்துத் தன் வேலையைத் தொடங்கியது. மீன் அறைக் கதவு திறந்தபடியே இருந்தது. மறுபடியும் நின்றார்கள். பத்தாவது நிமிஷம் சைரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு அலறியது. நாகராஜ் கிளறிவிட்டிருந்த குளவிக்கூடு துகள் துகளாக உதிர்ந்தது. குட்வில் எஸ்டேட்டின் ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. பெங்காலி தாதா வங்காளத்தில் ஆரம்பித்து இந்தியில் முடித்தார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கிடங்கு முற்றத்தில் கூடினார்கள்.

பழனியாண்டி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். யாரும் சொல்லவில்லை. சைரன் கேட்டால் அந்தக் கால் தானாக ஓடும்.

"இப்பச் சொல்றேன்" என்றார் விஜயலட்சுமி. "அண்ணாச்சி, உங்க கடையில காலையில என்ன செய்வீங்க? அன்னிக்கு ரேட்டை உள்ள இருக்கிற நோட்டுல பார்த்து, வெளிய சிலேட்டுல எழுதித் தொங்கவிடுவீங்க. அதுக்கப்புறம் நாள் பூராவும் எல்லாரும் எதைப் பார்க்கறாங்க?"

"சிலேட்டை."

"நோட்டு பெட்டிக்குள்ள பூட்டியிருக்கு. சிலேட்டு தெருவுல தொங்குது. வர்றவன் ஒருத்தன் விரலால அழிச்சு வேற எழுதிட்டுப் போனா? நீங்க நோட்டைப் பார்க்கறீங்க, எல்லாம் சரியா இருக்கு. சிலேட்டைப் பார்த்து வாங்கினவன் ஏமாந்து போறான். இந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். எழுந்திரிச்சதும் செட்டிங்ஸைப் படிச்சு மனசுல ஒரு சிலேட்டுல எழுதிக்குது. அப்புறம் ரெண்டு ரூமும் அந்தச் சிலேட்டைத்தான் பார்க்குது. 'சரக்கு இறக்கம்' ஸ்க்ரீன் திறந்தவுடனே, பத்து நிமிஷத்தை அழிச்சு ஒரு முழு நாள்னு எழுதிடுது. காய்கறி ரூமுக்காகத்தான் எழுதுது. ஆனா சிலேட்டு ஒண்ணுதானே? மீன் ரூமுக்கும் பொறுமை ஒரு நாளாயிடுச்சு."

"குளோபல் வேரியபிள்" என்றாள் ஷோபனா, தரையைப் பார்த்தபடி. "யார் வேணாலும் படிக்கலாம், யார் வேணாலும் மாத்தலாம்னு விட்டுட்டேன். முடிந்தது அமுக்கினா பழைய எண் திரும்பி வரும்னு எழுதியிருந்தேன். அமுக்காமலே போவாங்கன்னு யோசிக்கலை."

"பொதுத் தராசு!" நாகராஜால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சாக்கு எடையைக் கழிக்கத் தட்டுல ஒரு கல்லை வெச்சவன் எடுக்காமப் போயிட்டான். அடுத்து வந்தவனுக்கெல்லாம் எடை தப்பு! முத்திரை அப்படியே இருக்கு, தராசு சுத்தம், ஆனா கல்லு!"

"அதேதான்" என்றார் விஜயலட்சுமி. நாகராஜ் அங்கிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, அந்த 'அதேதான்' அவர்கள் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொண்டார்.

"முந்தின கப்பலுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்றார் ராஜமாணிக்கம். தோற்கும் பேரத்தில் கடைசி விலை கேட்கும் குரல்.

"அப்பவும் கல்லு தட்டுலதான் இருந்துச்சு. ஆனா ரெண்டு நாள்ல கரண்ட் போயிடும். கம்ப்யூட்டர் அணைஞ்சு எழுந்திரிச்சு நோட்டைப் பார்த்து சிலேட்டைப் புதுசா எழுதிக்கும். நாம நாள் பூரா வையற மின்வெட்டுதான் உங்க மீனுக்குக் காவல் இருந்துச்சு. நாகராஜ் வந்து அந்தக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிட்டார்."

நாகராஜ் தொண்டையைச் செருமினார். எழுதிக் கொடுத்த உத்தரவாதம் உண்மையானதற்காக வெட்கப்பட்ட வியாபாரி அந்தத் தீவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை கம்ப்ரெஸர் நின்னுச்சு. அலாரம் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்னு உட்கார்ந்துடுச்சு. திங்கக்கிழமை காலையில நீங்க முதல் வேலையா பந்த் பண்ணி சாலு பண்ணினீங்க. அந்த நொடியே சிலேட்டு சரியாயிடுச்சு. அப்புறம் சோதிச்சா கத்தத்தான் செய்யும். சாட்சியை நீங்களே கழுவித் துடைச்சுட்டு, மனுசன் மேல கையைக் காட்டினீங்க."

முற்றத்தில் யாரோ "ஹாய் ராம்" என்றார்கள்.

"ஒண்ணு மட்டும் பாக்கி" என்றார் விஜயலட்சுமி. "கப்பல் வந்து இத்தனை நாளாச்சு, வெங்காயம் பாதி வித்தே போச்சு. முடிந்தது ஏன் அமுக்கலை?"

அஸ்வின் இந்தமுறை அப்பாவைப் பார்க்கவில்லை. "மூணு மூட்டை குறைஞ்சுது ஆன்ட்டி. முடிந்ததுன்னு போட்டா முழுசாவும் வந்து சேர்ந்துதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு அப்பா சொன்னாங்க. கப்பல் ஏஜெண்டுகூடப் பேசித் தீர்ற வரைக்கும் அமுக்கக் கூடாதுன்னுட்டாங்க. எந்தக் கப்பலுக்குமே நாங்க உடனே அமுக்கினதில்லை."

வியாபாரத்தில் பிறந்தவர்களுக்கு இது அப்பா சொல்லித் தர வேண்டியதே இல்லை, ரத்தத்தில் ஓடுவது. கடைசி மூட்டைக்கு வாதாடி முடியாமல் கணக்கை முடித்ததாக எழுதுகிறவன் வியாபாரியே இல்லை. ராஜமாணிக்கத்தின் இடத்தில் நாகராஜ் இருந்திருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டார். அதனாலேயே அவருக்கு ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்குள்ள சரி பண்ணிடறேன் மேடம்" என்றாள் ஷோபனா. "பொது எண்ணை யாரும் தொட முடியாமப் படிக்க மட்டும் விட்டுடறேன். இறக்கம் ஸ்க்ரீன் தன்னோட பொறுமையைத் தன் கையிலயே வெச்சுக்கட்டும், தன் ரூமுக்கு மட்டும், அதுவும் சாயங்காலத்தோட தானா காலாவதி ஆகற மாதிரி. பொது எண்ணை மாத்தணும்னா ஒரே ஒரு வாசல். யார் மாத்தினாங்கன்னு அங்க பேரும் பதிவாகும்."

"ஒரே இடத்துல வெச்சது சரி. அந்தப் புத்தியை விட்டுடாதே" என்றார் விஜயலட்சுமி. "கதவு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு."

ஷோபனாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. குற்றவாளியைத் தேடி வந்த இடத்தில் ஒருத்தியை இப்படிப் பாராட்டவும் முடியும் என்பதை நாகராஜ் அன்றுதான் பார்த்தார். இந்த அம்மாளுக்கு யாரும் சம்பளம் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கொள்ளை!

*

"மேடம்" ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "அவன் சம்பளத்துல கொஞ்சம் சேர்த்துடறேன். வீட்டுக்கு ஒரு புது ஃபேன் மாட்டிக் கொடுத்துடறேன். அதோட சமாப்தி பண்ணிக்கலாமே."

"செய்ங்க, நல்லதுதான். ஆனா அது என் ஃபீஸ் இல்லை."

கிடங்கின் பின்வாசலிலிருந்து அந்தத் தகர வீட்டு வாசலுக்குப் பத்தடி தூரம்கூட இராது. ராஜமாணிக்கம் அதை மெயின்லேண்டுக்கு நீந்திப் போகிறவர் போலக் கடந்தார். எஸ்டேட்டே வேடிக்கை பார்த்தது. அதற்குள் மனைவியோடு வீட்டு வாசலுக்குத் திரும்பியிருந்த பழனியாண்டி எழுந்து நின்றார். கருப்பாயி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தே இருந்தார்.

ராஜமாணிக்கம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"காது கேக்கலைங்க மொதலாளி" என்றார் கருப்பாயி. "திங்கக்கெழம நல்லாத்தான் கேட்டுச்சு. பெங்காலி தாதாவுக்கும் கேட்டுச்சு."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. ராஜமாணிக்கத்தின் கழுத்து சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே நாகராஜ் நினைத்தார். போகவில்லை. நிமிர்ந்தார்.

"பழனியாண்டி! நீ செய்யலை!" சைரனுக்குக் கொஞ்சமும் குறையாத குரல். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்! திருட்டுப் பயன்னு சொன்னது தப்பு!" பிறகு அதே குரலில், "டேய் அஸ்வின்! அந்த மூணு மூட்டை போகட்டும்! அமுக்குடா முடிந்தது!"

பழனியாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மீன் அறைப் பக்கம் நடந்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மரைன் ஹில் ஏறும் ஆட்டோவில் நாகராஜ் பழக்க தோஷத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டார். செலவு: நானூறு கிலோ சுர்மை, மூன்று மூட்டை வெங்காயம், ஒரு குளவிக்கூடு, தன் இன்வெர்ட்டரைப் பற்றிய பெருமையில் பாதி. வரவு: ஒரு மனிதனின் பெயர், அதுவும் ஊரறிய. ஷோபனாவுக்கு இனி மறக்காத ஒரு பாடம். ராஜமாணிக்கத்துக்குத் தொண்டைக்கட்டு.

கிட்டத்தட்ட நேராகிவிட்டது. ஆனால் ஆட்டோ புறப்படும்போது கடைசியாகக் கண்ணில் பட்டது கருப்பாயி. பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, ஒரு சொம்பை எடுத்து, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, அதைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பாத்திரத்துக்குக் கை போகவில்லை. அந்தப் பெட்டிகளை அவர் கட்டிய நேரத்தை யார் பற்றில் எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்று நாகராஜுக்குப் புரியவில்லை.

அந்த ஒரு வரியை அப்படியே திறந்து வைத்தார். முடிந்தது என்று அமுக்கவில்லை.